சகலையின் பிக்கப்பை நான் ஓடையில் இறக்கிய கதை

உலகத்தில் யார் வண்டி வாங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுக்காரர் வாங்கினால் ஒரு வாரம் வயிறு எரியும், பிறகு தானே அணைந்துவிடும். கம்பெனி மேனேஜர் வாங்கினால், அவர் சம்பளத்துக்கு வாங்காமல் என்ன செய்வார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சகலை வாங்கினால்தான் முடியாது. மனைவியின் தங்கையைக் கட்டியவர். நமக்கு ஐந்து வருடம் கழித்து அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். பந்தியில் நமக்குப் பக்கத்து இலையில் உட்காருகிறவர். அவர் இலையில் ஒரு கரண்டி பாயசம் கூடுதலாக விழுந்தாலே நம் கண்ணுக்குத் தெரியும். முழுசாக ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றால் தெரியாமல் இருக்குமா?

எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மத்திகிரியில் என் வாடகை வீட்டு வாசலில்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. (இப்போதும் அதே வேலைதான். கியர் மாறிவிட்டது, நான் மாறவில்லை.) கைமாறி வந்த ஒரு சின்னக் கார் வைத்திருந்தேன். ஆனால் மனசுக்குள் நான் ஓட்டிக்கொண்டிருந்தது வேறு வண்டி. மலை, சேறு, ஆறு என்று எதிலும் ஏறி இறங்கும் நான்கு சக்கர இழுவை வண்டிகள் மீது எனக்கு எட்டு வருடக் காதல். கேன்டீனில் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அந்த வீடியோக்கள்தான். எந்த வண்டி எத்தனை டிகிரி சரிவில் ஏறும், எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரைத் தாண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வெளியே பட்டறையில் கொடுத்து மாற்றிய வண்டிகளை நான் மதிப்பதே இல்லை. தொழிற்சாலையிலிருந்தே காட்டுக்குப் போகத் தயாராக இறங்கி வரும் பிக்கப்தான் பிக்கப் என்பது என் கொள்கை. ஒரு முறை ஷோரூமுக்குப் போய், வாங்குகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவர்கள் கொடுத்த கேட்லாக் பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

சகலை லோகேஷ் இந்த உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர். தளி பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார். ஒரு தீபாவளிக்கு நான் இந்த வண்டிகளைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கியபோது, கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏண்ணா, எல்லா வண்டிக்கும் நாலு வீலுதானே?"

அந்த லோகேஷ்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்து நின்றார். வந்து நின்றார் என்றால் எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையாமல் தெருமுனையிலேயே நின்றது. ஆரஞ்சு நிறம். என் இடுப்பு உயரத்துக்கு டயர். எஞ்சின் தண்ணீருக்குள்ளும் மூச்சுவிட, கூரை வரைக்கும் ஏறும் ஒரு கறுப்புக் குழாய். அது நான் ஷோரூமில் உட்கார்ந்து பார்த்த அதே வண்டி. கேட்லாக்கின் ஏழாம் பக்கம்.

"தோட்டத்து ரோடு மழைல சேறாயிருதுண்ணா," என்றார் லோகேஷ், கத்தரிக்காய் வாங்கிய காரணத்தைச் சொல்வது போல. "உர மூட்டை ஏத்தறதுக்கு ஆவும்னு எடுத்தேன்."

உர மூட்டை! அந்த வண்டியில்!

என் மனைவி மஞ்சுளா எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக ஓடி வந்தாள். வீட்டுக்காரர் பனியனோடு வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஏதாவது குறை கிடைக்குமா என்று பத்து வருடக் குவாலிட்டி கண்ணால் தேடினேன். கிடைத்தது.

"டயர் ரோட்டு டயர் சகல. சேத்துக்கு ஆவாது."

"அப்படிங்களாண்ணா? உங்களக் கேட்டு எடுத்திருக்கணும்," என்றார் லோகேஷ், உண்மையாகவே வருத்தப்பட்டு.

அவர் கொஞ்சம் திமிராகப் பதில் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு மாதம் என் வீட்டில் அந்த வண்டியின் பேச்சுதான். "சுமா புருஷன் வண்டியில போனா அலுப்பே தெரியல" என்பாள் மஞ்சுளா. சுமா அவள் தங்கை. நான் பதிலுக்கு அந்த வண்டியின் பின் சஸ்பென்ஷன் பற்றி ஒரு குறையைச் சொல்வேன். அவள் எழுந்து குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆவணி மாதம் லோகேஷின் மகள் தன்விக்குக் காது குத்து வந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை. குலதெய்வக் கோயில் அஞ்செட்டியைத் தாண்டி, ஏழு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் இருக்கிறது. நடுவில் ஒரு ஓடை. பாலம் கிடையாது. முன்பெல்லாம் அந்த ஓடையைப் பார்த்ததும் வேன்காரர்கள் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பாத்திரம், அரிசி, குழந்தைகள் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு நடப்போம். இந்த முறை லோகேஷின் பிக்கப் மூன்று நடையில் மொத்தக் குடும்பத்தையும் கோயில் வாசலில் இறக்கியது. மாமனார் என்னைப் பார்த்துச் சொன்னார், "பாத்தீங்களா மாப்ள, வண்டின்னா இப்படி இருக்கோணும்." என் சின்னக் கார் அஞ்செட்டியில் ஒரு பெட்டிக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு மட்டும் அவர் சொன்னது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

காது குத்த வேண்டிய ஆசாரி தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் அஞ்செட்டிக்கு வந்துகொண்டிருந்தார். பலி கொடுக்க வேண்டிய கிடாவும் அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் கட்டியிருந்தது. இரண்டையும் கூட்டிவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும். அதற்குள் குத்தியாக வேண்டும் என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். லோகேஷ் குழந்தைக்கு அப்பா; ஈர வேட்டியோடு பூசையில் நிற்க வேண்டியவர். யார் போவது என்று கேள்வி வந்ததும் என் கை தானாக உயர்ந்தது.

"சாவியக் குடுங்க சகல. நான் போறேன்."

லோகேஷ் ஒரு நொடிகூடத் தயங்காமல் கொடுத்தார். (தயங்கியிருக்க வேண்டும். நானாக இருந்தால் தயங்கியிருப்பேன்.) "அண்ணா, ஓடையில பாறை இருக்கற பக்கமாவே போயிருங்க. கீழ்ப்பக்கம் மணலு. அப்பறம் ஃபோர் லோ போடறதுன்னா வண்டிய..."

"சகல," என்றேன், கையை உயர்த்தி. "எனக்கேவா?"

அவர் சிரித்துக்கொண்டே விலகினார். மஞ்சுளா சிரிக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு என்னென்னவோ செய்தது. எட்டு வருட ஏக்கம் என் கைக்குள் ஸ்டியரிங்காக வந்திருந்தது. உள்ளே உர வாசனை. அதை மன்னித்தேன். காலையில் லோகேஷ் போன தடத்திலேயே பாறைப் பக்கமாக ஓடையைக் கடந்தேன். தண்ணீர் டயரில் பாதிகூட வரவில்லை. மூன்று நொடியில் அக்கரை. சொன்னால் வெட்கம், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அறுநூறு மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீரைத் தாண்டும் வண்டியை வைத்துக்கொண்டு இவர் ஓரமாக ஊர்ந்து போகிறாரே, இந்த வண்டிக்கு நான் அல்லவா கிடைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்செட்டியில் பஸ் தாமதம். பத்தே முக்காலுக்கு ஆசாரி இறங்கினார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும், கையில் தகரப்பெட்டி. கிடாவைப் பின்னால் கட்டிவிட்டு அவரை முன்னால் ஏற்றிக்கொண்டேன். போகும் வழியெல்லாம் அவருக்கு வகுப்பு எடுத்தேன். இது எத்தனை டிகிரி ஏறும், சக்கரங்களுக்கு எப்படிச் சக்தி பிரிகிறது, அந்தக் கறுப்புக் குழாய் எதற்கு, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மணி என்னாச்சுங்க?" என்றார்.

ஓடைக்கு வந்தபோது மணி பதினொன்று ஐந்து. இன்னும் பத்து நிமிடத்தில் கோயில். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளை வரிசைப்படுத்தினால் இதற்குக் கீழே இன்னொன்று இருக்க முடியாது.

ஒரு வீடியோ எடுக்க வேண்டும். நான் இந்த வண்டியில், தண்ணீரைப் பிளந்துகொண்டு வருவது போல. மேலே மழை பெய்திருந்ததால் கீழ்ப்பக்கம் ஓடை அகலமாக, கலங்கி, பார்ப்பதற்கே கம்பீரமாக ஓடியது. கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மேனேஜர் உட்பட எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். வண்டி யாருடையது என்று கேட்டால் பதில் சொல்லாமல் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போடலாம்.

"ஆசாரி, நீங்க பாறை மேல நடந்து அந்தப் பக்கம் போய், இதுல என்னைய வீடியோ எடுங்க."

"நேரமாவுதுங்களே."

"ஒரு நிமிஷம்."

அவர் என் ஃபோனையும் தன் பெட்டியையும் வாங்கிக்கொண்டு, வேட்டி நனையாமல் பாறைமேல் தாண்டித் தாண்டி அக்கரைக்குப் போய் நின்றார். ஃபோனை இரண்டு கையாலும் பிடித்து, "ரெடிங்க!" என்று கத்தினார்.

நான் வண்டியை நகர்த்தினேன். நகர்ந்துகொண்டிருக்கும்போதே, நான்கு சக்கர இழுவையை மாற்றும் அந்தப் புகழ்பெற்ற குமிழை ஸ்டைலாக ஒரு திருப்புத் திருப்பி ஃபோர் லோவில் வைத்தேன். நான்கு சக்கரமும் முழுப் பலத்தோடு இழுக்கும் நிலை அது. உடனே முன்னால் ஒரு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பீப் பீப் என்று ஒரு சத்தமும் வந்தது. வண்டி தயாராகிவிட்டது, உற்சாகப்படுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கீழ்ப்பக்கமாக இறங்கினேன். முதல் பத்தடி அற்புதம். தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பியது. பதினோராவது அடியில் முன்பக்கம் ஒரு குழிக்குள் குனிந்தது. பின்பக்கம் அலைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். பின் சக்கரங்கள் மணலை வாரி இறைத்துக்கொண்டு, லிஃப்டில் இறங்குவது போல மெதுவாகக் கீழே போயின. நானும் சேர்ந்து போனேன்.

இந்த இடத்தில் எனக்குள் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம் வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். எட்டு வருடக் காதலில் வராத சந்தோஷம். இந்த வண்டி மாட்டிக்கொண்டது! லோகேஷின் வண்டி ஒன்றுக்கும் உதவாத வண்டி! ஊரே தட்டிப் பார்த்த டயர், மாமனார் மெச்சிய வண்டி, ஒரு சாதாரண ஓடையில் எருமை மாதிரி உட்கார்ந்துவிட்டது! கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அக்கரையில் இருந்த ஆசாரிக்கும் காட்டுக்கும் சேர்த்துப் பிரசங்கம் செய்தேன்.

"பாத்தீங்களா ஆசாரி! இதான் கம்பெனி ஃபோர் பை ஃபோரு! எல்லாம் ஷோ! நான் அன்னிக்கே சொன்னேன்! கேட்டாரா லோகேஷு? உர மூட்டை ஏத்தத்தான் லாயக்கு!"

ஆசாரி ஃபோனை ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தார். நுணுக்கமான கை அல்லவா.

இறங்கிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தேன். ஓடை, திறந்த கதவு வழியாக, அழைக்காத விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது. நான் இறங்கியதும் என் புது வேட்டி விரிந்து, குடை போலத் தண்ணீர்மேல் மிதந்தது. பின்னால் கட்டியிருந்த கிடா கயிற்றை உருவிக்கொண்டு ஓடையில் குதித்து, நிதானமாக அக்கரை ஏறி, உடம்பை உதறியது. அன்று அந்த இடத்தில் நான்கு காலையும் சரியாகப் பயன்படுத்தியது அது ஒன்றுதான்.

மணி பதினொன்று இருபது. ஃபோனில் சிக்னல் இல்லை. ஆசாரியும் நானும் மட்டும். சந்தோஷம் வடிந்தது. கோயிலில் குழந்தையை மச்சான் மடியில் வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் காத்திருக்கும். குழந்தையின் தாய்மாமனான அவன் லீவு போட்டு பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். நான் இங்கே வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆசாரி பெட்டியைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். இரண்டு பேரும் குனிந்து கையால் சக்கரத்தடி மணலை அள்ளினோம். அள்ள அள்ள வந்தது. மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது.

"நடந்துரலாங்களா?" என்றார்.

"மூணு கிலோமீட்டர் இருக்கு ஆசாரி. கிடா வேற."

அப்போது தூரத்தில் மனிதக் குரல் கேட்டது. ஒலிபெருக்கிக் குரல்.

"கொடம், பக்கெட்டு, சேரு... பழைய இரும்பு, ஒடஞ்ச பிளாஸ்டிக், ஓடாத மோட்டாரு எதுவா இருந்தாலும் கொண்டாங்கம்மா... ஹளே கப்பிண கொடி, ஹொச கொட தகொள்ளி..."

மலைக் கிராமங்களில் பழைய இரும்புக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கும் குட்டி யானை மினி லாரி ஒன்று, தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிக் கூவியபடி, வானவில் போலக் குடங்களை அடுக்கிக்கொண்டு வந்தது. பெயின்ட் போன, ஒரு பக்கம் சாய்ந்த, நான்கு டயரும் வழுக்கையான குட்டி யானை. வந்த வேகத்தில் பாறைப் பக்கமாக ஏறி, குடங்கள் கலகலக்க, ஓடையை ஒரே மூச்சில் கடந்து, அக்கரையில் நின்றது. ஓட்டி வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் பாஷா என்று பிறகு தெரிந்தது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். ஒலிபெருக்கியை நிறுத்த மறந்துவிட்டார். அது பாட்டுக்கு ஓடாத மோட்டாரைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கறுப்புக் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், இது ஃபோர் வீலு வண்டிதான?"

"ஆமா."

"போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். ஃபோர் லோ. இருந்தும் வரல. வண்டி சரியில்ல."

பாஷா தலையை உள்ளே நீட்டினார். "லைட்டு மினுக்கிக்கிட்டு இருக்கே சார்."

"அது... ரெடியா இருக்குன்னு அர்த்தம்."

"விழலன்னு அர்த்தம் சார்." அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை. "தேன்கனிக்கோட்டையில ஒரு எஸ்டேட்ல டிரைவரா இருந்தேன், இந்த மாதிரி வண்டிதான். ஓட்டத்துல திருப்புனா லோ விழாது. நிறுத்தி, நியூட்ரல் போட்டு, அப்பறம் திருப்பணும். இவ்ளோ நேரம் பின் ரெண்டு சக்கரம்தான் சுத்துச்சு."

லோகேஷ் ஆரம்பித்து, நான் கையை உயர்த்தித் தடுத்த வாக்கியத்தின் மீதி அதுதான் என்று எனக்குப் புரிந்தது.

பாஷா டயர் வாயைத் திறந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். டயர் தட்டையாகி மணலில் பாதம் மாதிரிப் பரவியது. ஆசாரியும் நானும் இன்னொரு கால் மணி நேரம் மணலை அள்ளினோம். பாஷா குட்டி யானையிலிருந்து இரண்டு பழைய சாக்கைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் திணித்தார். பிறகு என்னை ஏறச் சொன்னார்.

"நிறுத்திட்டீங்களா? நியூட்ரல்? இப்ப திருப்புங்க."

திருப்பினேன். அடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி, நிலையாக எரிந்தது.

"ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. ஆக்ஸிலேட்டர் மிதிக்காதீங்க. சும்மா கிளட்ச்ச விடுங்க."

விட்டேன். கயிறு இல்லை, டிராக்டர் இல்லை, தள்ள ஆளில்லை. அந்த வண்டி முதலில் லேசாக நடுங்கியது. பிறகு முன் சக்கரம் இரண்டும் மணலைக் கவ்வின. ஒரு பெரிய மிருகம் குளித்து முடித்து எழுந்து வருவது போல, அவசரமே படாமல், அது தானாகக் கரையேறியது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நான் இல்லாமலே ஏறியிருக்கும். கேட்லாக்கில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்போது பாஷாவின் மீதும் பொறாமை வந்தது. வழுக்கை டயர் வைத்துக்கொண்டு இந்த மனிதருக்கு எப்படி இவ்வளவு தெரிந்திருக்கிறது? கிடாவைப் பிடித்து மறுபடி கட்டிவிட்டு நன்றி சொன்னேன். அவர், "பரவால்ல சார், கோயில்ல சேர் பத்தலன்னா சொல்லுங்க," என்றார்.

கோயிலுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. வாசலில் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஆரஞ்சு வண்டி பாதிக்கு மேல் சேற்று நிறம். இறங்கிய நான் முழுவதும் சேற்று நிறம். மாமனார் வாயைத் திறந்தார். அதற்குள் லோகேஷ் ஓடி வந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே? நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்காம வுட்டுட்டேன்."

வண்டியின் மீது இருந்த பொறாமை அந்த இடத்திலேயே இரண்டாம் பட்சமாகிவிட்டது. அதைவிடப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தது. என் புது வண்டியை ஒருவர் இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் நான் முதலில் டயரைத்தான் பார்த்திருப்பேன். இந்த மனிதரின் குணத்தை எந்த ஷோரூமில் விற்கிறார்கள்?

நேரம் இல்லை. ஆசாரியை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். தாய்மாமன் மடியில் தன்வி. ஆசாரி பெட்டியைத் திறந்தார். விரல்களை ஊதினார், தேய்த்தார், வேட்டியில் துடைத்தார். "கை வெறச்சுப் போச்சுங்க," என்றார், யாரையும் பார்க்காமல். வலது காது சுத்தமாக முடிந்தது. குழந்தை வீறிட்டது. இடது காதுக்கு வரும்போது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. மாமனார் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "ம், ம்," என்றார். ஆசாரி குத்தினார்.

குத்திவிட்டு, சற்றுப் பின்னால் சாய்ந்து இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நூலு எறங்கிருச்சு," என்றார்.

நான் குவாலிட்டிக்காரன். அந்தத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஒன்றரை மில்லிமீட்டர். எங்கள் கம்பெனியில் என்றால் சிவப்புப் பெட்டிக்குப் போகும். இதை எந்தப் பெட்டியில் போடுவது? அது என் மைத்துனியின் குழந்தை. சுமா அந்தக் காதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பரவால்ல மாமா," என்றாள். அவள் திட்டியிருக்கலாம்.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தேவலை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, விழாப் படங்களைக் குடும்பக் குழுவில் போடுவதற்காக மஞ்சுளா என் ஃபோனை வாங்கியிருந்தாள். வரிசையில் முதலில் இருந்தது ஆசாரி எடுத்த வீடியோ. இலையில் கிடாக்கறி விழுந்துகொண்டிருந்த நேரத்தில், பந்தி முழுக்கக் கேட்கும்படி என் குரல் ஒலித்தது: "இதான் கம்பெனி ஃபோர் பை ஃபோரு! எல்லாம் ஷோ! உர மூட்டை ஏத்தத்தான் லாயக்கு!"

என் பக்கத்து இலையில் லோகேஷ். அவர்தான் முதலில் சிரித்தார். தொண்டையில் சோறு அடைத்து, தலையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் பந்தியே சிரித்தது. மாமனார்கூட. நானும் சிரித்தேன். உதட்டால்.

சாயங்காலம் கை கழுவும் இடத்தில் மஞ்சுளா துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்களுக்கு அந்த வண்டி மேல அவ்ளோ ஆசையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

காதில் இருந்த மணலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டிருந்தா அன்னிக்கு மத்திகிரியிலயே சாவியக் குடுத்திருப்பாரே. ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணான்னு. நீங்க டயரு சரியில்லன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டீங்க."

அது உண்மை. அதை நான் இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் எதை இயக்க ஆரம்பித்தாலும், மிக்ஸியாக இருந்தாலும் சரி, மோட்டார் பம்பாக இருந்தாலும் சரி, "லைட்டு மினுக்குதா, பெரிய மாப்ளயக் கேளு" என்பார்கள். லோகேஷ் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, "வாங்கண்ணா, தளி பக்கம் ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க" என்று சாவியை நீட்டுகிறார். நான் முதுகு வலி என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் தன்வியின் பிறந்தநாளுக்காக ஓசூரில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தோம். தன்விக்கு இப்போது ஏழு வயது. ஜிமிக்கி போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். கடைப்பெண் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா, இடது பக்கம் கொஞ்சம் எறக்கமாத் தொங்குதே?" என்று கேட்டாள்.

"அதுவா," என்றாள் தன்வி, பலமுறை சொல்லிப் பழகிய குரலில். "எனக்குக் காது குத்துற அன்னிக்கு வண்டி ஆத்துல மாட்டிக்கிச்சு. ஆசாரிக்குக் கை வெறச்சுப் போச்சு."

கடைப்பெண் பக்கத்தில் கார்ச் சாவியோடு நின்றிருந்த லோகேஷைப் பார்த்துச் சிரித்தாள். "இவரா மாட்ட வெச்சாரு?"

"ஐயோ இல்ல, இது அப்பா," என்றாள் தன்வி அவசரமாக. "அப்பா நல்லா ஓட்டுவாரு."

ஏழு வயதுக் குழந்தையின் மீது பொறாமைப்பட முடியாது. அவள் அப்பாவின் மீது படலாம். பட்டேன்.